ஒரே முதலாளி, குறைந்த புழக்கம்

படகை விற்க அன்று ஒரு நல்ல படம் போதும். இன்று 80 படங்கள், இசை சேர்த்த காணொளி, விரலால் தள்ளித் தள்ளி அறை அறையாக நுழைந்து பார்க்கும் முப்பரிமாணச் சுற்று, ட்ரோன் எடுத்த வானத்துக் காட்சி எல்லாம் வேண்டும். படகு விற்காவிட்டால் உரிமையாளர் சொல்லும் காரணம் மட்டும் 30 வருடமாக மாறவில்லை: “நீங்க சரியா விளம்பரம் பண்ணல.”

நான் சொல்வது மீன்பிடிப் படகை அல்ல, யாட் எனப்படும் உல்லாசப் படகை. சிங்கப்பூரில் புழங்கிய யாட்களை விற்றுக் கொடுக்கும் தரகு நிறுவனம் ஒன்றில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். என் அம்மாவுக்கு அந்த வேலை பிடிபடவே இல்லை. “மீன் பிடிக்காது, சரக்கு ஏத்தாது, ஆளை அக்கரையிலயும் கொண்டுபோய் விடாது. கெளம்புன எடத்துக்கே திரும்பி வரும். அதுக்கு எதுக்குடா ஒரு படகு, அதுக்கு ஒரு தரகு?” என்பார். யாட்டுக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணத்தை எந்தப் பட்டியலிலும் நான் படித்ததில்லை.

முதலாளி ஓர் ஆங்கிலேயர். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக வந்தவர், கப்பல் கிளம்பும்போது ஏறாமல் இங்கேயே தங்கிவிட்டார். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் படகுத் தரகு பண்ண உரிமம் வேண்டும். அதற்கு 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தரும் முன்பணத்தைத் தனிக் கணக்கில்தான் போட்டு வைக்க வேண்டும். எங்கள் முதலாளி ஊருக்குக் காட்டிய பிணை அவருடைய தாடிதான். அந்தத் தாடியைப் பார்த்தால் இவர் நாலு சமுத்திரத்தையும் கடந்தவர் என்று நம்பத் தோன்றும். நம்பினார்கள்.

படம் எடுப்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் வெளிவேலை. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். ரப்பர் படகு ஒன்றில் நானும் மலாய்க்காரப் படகோட்டி ஒருவரும் முன்னால் போய் நிற்போம். விற்கப்போகும் யாட்டை முதலாளி ஓட்டிக்கொண்டு எங்களைத் தாண்டுவார். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். படகு முழு வேகத்தில் மூக்கைத் தூக்காமல், மிதமான வேகத்தில் தண்ணீரில் சமனாக ஓட வேண்டும். பின்னால் கன்டெய்னர் கப்பல் தெரியக் கூடாது. சிங்கப்பூர் நீரிணையில் கன்டெய்னர் கப்பல் தெரியாமல் ஒரு படம் எடுப்பது எத்தனை கஷ்டம் என்பது, அங்கே ஒரு முறையாவது கடலோரம் நின்றவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஃபெண்டர்களை உள்ளே இழுத்துப் போட்டிருக்க வேண்டும். கரையில் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் தொங்கும் காற்றடைத்த உருளைகள் அவை. நடுக்கடலில் ஓடும் படகில் ஃபெண்டர் தொங்கினால் உள்பாவாடை தெரிவதற்குச் சமம் என்று முதலாளி சொல்வார். ஃபிலிமைக் கழுவக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வாங்கி வந்து பார்த்தால் 35 படங்களில் ஃபெண்டர் தொங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் ஒன்று, அதுதான் விளம்பரம்.

அந்த ஒரு படமும் பத்திரிகையில் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பு வெள்ளையில் வரும். பக்கத்திலேயே நாலு வரி. வரிக்குக் காசு என்பதால் அதற்குமேல் எழுதத் தெம்பு கிடையாது. ஒரே முதலாளி, குறைந்த புழக்கம், நேரில் பார்க்கவும். இதழ் அச்சாகிக் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதால் விலை போடுவதில்லை. அதில் பெரிய சௌகரியம் இருந்தது. விலை போடாத படகுக்கு விலை இறங்கியதும் யாருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் படம், காணொளி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஓர் இளம்பெண். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். கெட்டிக்காரி. ட்ரோன் பறக்க விட, விமான நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் என்றால் அனுமதி, 200 அடிக்குமேல் என்றால் அனுமதி என்று எல்லாச் சட்டமும் விரல்நுனியில் வைத்திருக்கிறாள். அந்தி வெளிச்சத்துக்குக் காத்திருந்து, மெத்தைகளைத் தட்டி நிமிர்த்தி, மேசையில் எலுமிச்சம்பழம் நிறைந்த கிண்ணம் ஒன்றை வைத்துப் படம் எடுப்பாள். எலுமிச்சம்பழம் எதற்கென்று கேட்டேன். “கலர் அங்கிள்,” என்றாள். பிறகு, “நீங்க ஃபிரேம்ல வராதீங்க,” என்றாள். 30 வருட அனுபவம் படகின் பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டது. அவள் எடுத்த படங்களைத் திரையில் பார்த்தபோது ஒன்றில் மட்டும், ஒரு ஃபெண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை. அவளே அதைக் கண்டுபிடித்து, இரண்டு சொடுக்கில் கணினியிலேயே அழித்துவிட்டாள்.

பட்டியலில் படகை ஏற்றிய முதல் வாரம் அவளுடைய திரையில் எண்கள் எகிறும். எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த நாட்டிலிருந்து, எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றார்கள், எல்லாம் தெரிகிறது. உரிமையாளருக்கு அந்த அறிக்கையை அனுப்பினால் மகிழ்ந்துபோவார். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்தில் வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டு படகு பார்ப்பவர்கள் என்பதை நாங்கள் சொல்வதில்லை. அந்தக் காலத்திலும் இப்படி ஆட்கள் உண்டு. சனிக்கிழமை மாலை மனைவி மக்களோடு வந்து, மேல்தளத்தில் உட்கார்ந்து, முதலாளி கொடுக்கும் பீரைக் குடித்து, “யோசிச்சுச் சொல்றோம்” என்று போய்விடுவார்கள். அவர்கள் வந்து போனதற்குப் பீர் செலவு. இவர்களுக்கு அதுவும் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் “ஃபைனல் பிரைஸ்?” என்று இரண்டே சொல். எந்தப் படகுக்கு என்றுகூட இருக்காது.

தொலைநகலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படகின் நீளம், கட்டிய வருடம், இன்ஜின் எந்த நிறுவனம், எத்தனை மணி நேரம் ஓடியது, எரிபொருள் தொட்டி எத்தனை லிட்டர், படுக்கை எத்தனை என்று இரண்டு பக்கம் தட்டச்சு செய்து ஹாங்காங்குக்கும் புக்கெட்டுக்கும் பெர்த்துக்கும் அனுப்புவோம். கூடவே அனுப்பும் படம் அந்தப் பக்கம் ஒரு கரிக்கட்டையாகப் போய்ச் சேரும். “படகு கறுப்பு நிறமா?” என்று பெர்த்திலிருந்து ஒருவர் கேட்டார். வெளுத்துப்போகும் தொலைநகல் தாளில்தான் வாங்குபவர்களின் விலைக் கேட்பும் வரும். ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெறும் தாள் இருக்கும். வழக்கென்று வந்தால் யாருக்குச் சாதகம் என்று யோசித்து, முதலாளி முக்கியமானவற்றை மட்டும் நகல் எடுத்து வைப்பார். மற்றவற்றை வெளுக்க விட்டுவிடுவார்.

யாருக்கு அனுப்புவது என்பது ஒரு செருப்புப் பெட்டிக்குள் இருந்தது. அட்டை அட்டையாக, முதலாளியின் கையெழுத்தில். பெயர், இப்போது வைத்திருக்கும் படகு, அதை வாங்கிய விலை. அதற்குக் கீழே பென்சிலில் சில குறிப்புகள்: மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, மூத்த மகன் லண்டனில், முட்டி அறுவை. மனிதர்கள் படகை விற்பதற்கு மூன்று காரணம்தான், சாவு, விவாகரத்து, இதைவிடப் பெரிய படகு என்பது அவருடைய கணக்கு. மூன்றையும் முன்கூட்டி மோப்பம் பிடிக்கத்தான் கிளப் பார்களில் மாலை மாலையாக உட்கார்ந்திருந்தார் என்பதை நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். அதுவரை குடிகாரர் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் சரிதான்.

1995இல் அமெரிக்காவில் யாட்வேர்ல்டு என்ற இணையப் பட்டியல் தொடங்கியது. தரகர்கள் சந்தா கட்டி, தங்களிடம் உள்ள படகுகளை அதில் ஏற்றலாம். நாங்கள் சேர்ந்தது சில வருடம் கழித்து. முதலாளி எதிர்த்தார். “என் செருப்புப் பெட்டியை ரோட்டில் கவிழ்க்கச் சொல்கிறாயா?” என்றார். அவர் பயந்ததுதான் நடந்தது. ஆனால் தரகர் தொழில் செத்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்களின் வாக்குப் பலிக்கவில்லை. வாங்குபவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதால், தெரிந்ததில் எது உண்மை என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கும் எங்களையே கூப்பிட்டார்கள்.

இனி காசு விஷயம். விற்பனைக் கூலியைக் கொடுப்பவர் உரிமையாளர். வழக்கமாக விற்ற விலையில் 10 விழுக்காடு. பல மில்லியன் போகும் பெரிய படகு என்றால் இறங்கும். 5 லட்சம் வெள்ளிக்கு ஒரு படகு போனால் 50,000 வெள்ளி. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வாங்குபவரைக் கூட்டி வருபவர் பெரும்பாலும் இன்னொரு தரகர். பாதியோ கிட்டத்தட்டப் பாதியோ அவருக்கு. மீதியில் நிறுவனத்தின் பங்கு போக வருவது எனக்கு. அதுவும் விற்றால். விற்காத படகுக்கு எடுத்த படம், கொடுத்த விளம்பரம், ஓட்டிக் காட்டிய டீசல் எல்லாம் கைக்காசு. ட்ரோனும் எலுமிச்சம்பழமும் அப்படித்தான்.

இதனால்தான் ஒரே தரகரிடம் முழுப் பொறுப்பையும் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை நாங்கள் வற்புறுத்துவோம். மற்றத் தரகர்கள் ஆள் கொண்டு வரலாம், ஆனால் எங்கள் வழியாகத்தான். உரிமையாளர்களுக்கு இது பிடிக்காது. ஐந்து பேரிடம் கொடுத்தால் ஐந்து மடங்கு வேகமாக விற்கும் என்பது அவர்கள் கணக்கு. அன்று ஐந்து பேரிடம் கொடுத்தால், வாங்குபவருக்குத் தெரிந்த தரகர் ஒருவரே என்பதால் குட்டு உடையாது. இன்று அதே படகு திரையில் மூன்று விலையில் அடுத்தடுத்து நிற்கிறது. வாங்குபவர் மூன்றிலும் குறைந்ததைப் பிடித்து, அதற்குக் கீழே பேச ஆரம்பிக்கிறார்.

விலை என்று வந்துவிட்டதால் டாக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற தமிழ் டாக்டர். 42 அடி மோட்டார் யாட். கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார். போன வருடம் விற்பதற்காக என்னைக் கூப்பிட்டபோது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். புது ஜெனரேட்டர், தேக்குத் தளம், ஏர்கான் இரண்டு முறை, மரினாவில் கட்டிவைத்த வாடகை, எல்லாம் தேதி வாரியாக.

“தம்பி, எனக்கு லாபம் வேணாம். போட்ட காசு வந்தாப் போதும்.”

“டாக்டர், ஜெனரேட்டர் ஓடலைன்னா விலை குறையும். ஓடினா விலை ஏறாது. அது ஓடத்தானே வேணும்?”

“தேக்கு?”

“தேக்கு அழகாத்தான் இருக்கு.”

“அழகா இருக்குன்னா எவ்வளவு?”

அழகுக்கு விலை சொல்ல எனக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அதற்குள் அவர் கைத்தொலைபேசியை நீட்டினார். அதே வகைப் படகு, அதே வருடம், துருக்கியில் ஒன்று, மயாமியில் ஒன்று, நான் சொன்னதைவிட மிக அதிகமாக. நான் என் திரையைத் திருப்பிக் காட்டினேன். தரகர்கள் மட்டும் பார்க்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கேட்ட விலை இருக்காது, கை மாறிய விலை இருக்கும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “இவன்லாம் படகை ஒழுங்கா வச்சிருக்க மாட்டான்,” என்றார்.

பழைய முதலாளியாக இருந்தால் அந்தப் பட்டியலைக் காட்டியிருக்கவே மாட்டார். முதல் சந்திப்பில் அவர் விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். உரிமையாளர் என்ன விலை சொன்னாலும் “பார்க்கலாம்” என்பார். பிறகு மூன்று வாரம், கறாராகப் பேசும் ஆட்களாகப் பொறுக்கி அழைத்து வருவார். அவர்கள் குறைத்துக் கேட்பார்கள். உரிமையாளருக்கு அவர்கள்மேல் கோபம் வரும். முதலாளியும் கூடச் சேர்ந்து திட்டுவார். ஒவ்வொரு முறை திட்டி முடித்ததும் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும். டாக்டர் விஷயத்தில் நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். திரையில் உலகத்து விலையெல்லாம் காட்டியும் நடக்காதது, ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வந்து தளத்தில் நின்று உதட்டைப் பிதுக்கியதும் நடந்தது.

படகைக் காட்டுவதற்கு முன்னால் செய்யும் வேலைகள் அன்றும் இன்றும் ஒன்றே. உரிமையாளரின் அடையாளங்கள் வெளியேற வேண்டும். தூண்டில்கள், பாதி விஸ்கி, கரோக்கே பெட்டி, குடும்பப் படங்கள். டாக்டர் படகில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பிள்ளையார் இருந்தார். அவரை இறக்குவதா என்று டாக்டர் தயங்கினார். பிள்ளையார் பேரத்தில் சேர்த்தி இல்லை என்று எழுத்தில் போட்டுக் கொடுத்தோம். பேரத்தில் எதெது சேர்த்தி, எதெது சேர்த்தியில்லை என்று முன்னதாகவே பட்டியல் போடாமல் விட்டால், லட்சக்கணக்கான வெள்ளி வியாபாரம் ஒரு மீன் சுடும் அடுப்பில் வந்து முட்டி நிற்கும். நின்றிருக்கிறது.

அதன்பிறகு வாடை. என்னதான் காணொளி எடுத்தாலும் இணையத்தில் வாடை போகாது. அதனாலேயே தரகர்களுக்கு இணையம் ஒரு வரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், அடைத்து வைத்த படகின் உள்ளே டீசல், பூஞ்சணம், அடித்தட்டில் தேங்கிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வரும். அதைவிட மோசம் கழிப்பறை. படகுக் கழிப்பறையில் பெரும்பாலும் கடல்நீரைத்தான் இறைத்து ஊற்றுவது. படகு ஓடாமல் நின்றால், குழாய்க்குள் மாட்டிக்கொண்ட கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். ஆள் வருவதற்கு முந்தின நாளே நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். ஊதுபத்தி கொளுத்தக் கூடாது. வாசனை தூக்கலாக இருந்தால் எதை மறைக்கிறான் என்ற சந்தேகம் வரும். தொழிலில் முதல் ஐந்து வருடம் நான் செய்த மார்க்கெட்டிங்கில் பெரும்பகுதி கழிப்பறையில்தான் நடந்தது.

இன்னொன்று, இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர் படகில் ஏறினால் சோபாவில் உட்கார மாட்டார். நேரே இன்ஜின் அறைக்குள் இறங்கிக் கையை இன்ஜின்மேல் வைப்பார். சூடாக இருந்தால், “காலையில கெளப்பிப் பாத்தீங்களா?” என்று சிரிப்பார். ஆறிய டீசல் இன்ஜின் ஒரே உதையில் கிளம்புகிறதா, கிளம்பும்போது என்ன புகை வருகிறது என்பதில்தான் அதன் சாதகம் இருக்கிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது அதற்குச் சுமை கூடுதல். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளை விடாமல் வந்தால் எரியாத டீசல், அல்லது உள்ளே எங்கோ தண்ணீர். இணையத்தில் எல்லாம் படித்துவிட்டு வரும் இந்தக் கால வாங்குபவர் கையை வைப்பதில்லை. வெப்பமானி துப்பாக்கியை நீட்டுகிறார்.

பிடித்துப்போனால் விலை எழுதிக் கொடுத்து, 10 விழுக்காடு முன்பணம் கட்டுவார். அது நடுவில் ஒரு கணக்கில் இருக்கும். ஆய்வும் கடலோட்டமும் திருப்தியாக முடிந்தால்தான் பேரம் உறுதி. இல்லாவிட்டால் பணம் வாபஸ். ஆய்வு நாளில் படகைப் பட்டைகளில் தூக்கிக் கரையில் நிறுத்துவார்கள். அதற்கும் ஆய்வாளருக்கும் செலவு வாங்குபவருடையது. இந்த ஒரு நாளில் மட்டும் தரகர் ஒரு பொருட்டே இல்லை. எல்லாக் கண்ணும் ஆய்வாளரின் சிறு சுத்தியல்மேல். கண்ணாடியிழை உடம்பை அவர் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போவார், சந்தையில் தேங்காயைத் தட்டிக் காதில் வாங்குவதுபோல. டிக் டிக் டிக் என்று கூர்மையாக வந்துகொண்டே இருந்த சத்தம் ஓரிடத்தில் டொக் என்று விழும். நிறுத்தி, ஒரு சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார். அந்த இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம். ஈரமானியை வைத்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். உரிமையாளர் என்னைப் பார்ப்பார். நான் பக்கத்துப் படகைப் பார்ப்பேன்.

வெதுவெதுப்பான கடலில் வருடக்கணக்காகக் கிடக்கும் கண்ணாடியிழைப் படகின் அடியில் சில நேரம் கொப்புளங்கள் இருக்கும். தண்ணீர் வெளிப்பூச்சுக்குள் மெல்ல ஊறி, பிசினோடு சேர்ந்து அமிலமாகி வெளியே தள்ளுவதால் வருவது. ஆய்வாளர் ஒன்றைக் கீறினார் என்றால் பழுப்பாக ஒரு திரவம் வழியும், காடி வாசனை அடிக்கும். டாக்டர் படகில் அப்படி ஒரு கைப்பிடி அளவுக் கொப்புளங்கள் இருந்தன. “இது உயிருக்கு ஆபத்தில்ல, ஊறல்தான்,” என்று வாங்குபவருக்கு விளக்கம் சொன்னவர் டாக்டரேதான். நாற்பது வருடம் நோயாளிகளிடம் பேசிய குரலில் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனாலும் விலை இறங்கியது.

கடலோட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. முழு வேகத்துக்குத் தள்ளினால் இன்ஜின் தனக்கு எழுதப்பட்ட சுற்றுகளை எட்ட வேண்டும். செயின்ட் ஜான்ஸ் தீவைச் சுற்றிக்கொண்டு வந்தோம், எட்டியது, சூடாகவில்லை.

காகித வேலைதான் ரொம்ப மாறிவிட்டது. பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் முதல் பகுதியில் பதிவான படகை விற்கும்போது அதன் 64 பங்குகளையும் மாற்றி எழுதுவார்கள். ஒரு கப்பலின் உடைமை 64 பங்காகப் பிரிந்திருப்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம். 12 அடி சமையலறை உள்ள படகுக்கும் அதே கணக்கு. அன்று அந்தப் பத்திரமும் வங்கி வரைவோலையும் ஒரே மேசையில் கைமாறும், ஒரு குலுக்கல், ஒரு பீர். பையில் ரொக்கமாகக் கொண்டுவருபவர் நல்ல வாங்குபவர் என்று கருதப்பட்டார். இன்று அப்படி ஒருவர் வந்தால் வழக்கறிஞர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். கடவுச்சீட்டு, முகவரிச் சான்று, பணம் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று கோப்பு கொழுக்கும். ஜிஎஸ்டி கட்டிய படகா என்ற கேள்வி அன்றும் உண்டு, 1994இல் அந்த வரி வந்தபோது 3 விழுக்காடு. இன்று 9. அதனால் கேள்வியின் தொனியே மாறிவிட்டது.

மத்தியதரைக் கடல் பக்கமும் புளோரிடா பக்கமும் வரித் தொல்லைக்காகப் படகைப் பன்னாட்டுக் கடலுக்கு ஓட்டிச் சென்று, நடுக்கடலில் அட்சரேகை, தீர்க்கரேகை, மணி, நிமிடம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கைமாற்றுவது உண்டு. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிங்கப்பூரில் தெற்கே கொஞ்சம் ஓட்டினால் இந்தோனேசியா, வடக்கே திரும்பினால் மலேசியா. பன்னாட்டுக் கடலைத் தேடிப் போவதற்குள் டீசல் தீர்ந்துவிடும்.

இத்தனை வருடத்தில் சரியான விலையை முதல் நாளே சொன்ன உரிமையாளர் ஒரே வகைதான்: வங்கி. 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் விழுந்து, அதன்பின் ஒவ்வொரு நாட்டுப் பணமாகச் சரிந்தபோது, யாட் வைத்திருந்தவர்கள் பலர் திடீரென்று எங்கள் நண்பர்களாகிவிட்டார்கள். கடன் கட்ட முடியாத படகுகளை வங்கிகள் எடுத்துக்கொண்டன. ஒருவர் ராத்திரியில் வந்து தம் கோல்ஃப் மட்டைகளையும் மகளின் நீச்சல் கண்ணாடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை வங்கியிலிருந்து வந்த இளைஞர் படகில் ஏறவே இல்லை. கரையில் நின்றபடி விலை சொன்னார். தேக்குத் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரத்தில் விற்றுவிட்டது.

2020இல் நேர்மாறு. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊரே அடைத்துக் கிடந்து, அதன் பிறகும் விமானம் ஏற வழியில்லாமல் இருந்தபோது, காசு உள்ளவர்கள் கடலைப் பார்த்தார்கள். காணொளியில் மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பினார்கள். விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. வாடையை யாரும் விசாரிக்கவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் நான் எந்தத் திறமையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் நிறுவனம் எனக்குச் சிறந்த விற்பனையாளர் என்று கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தது.

டாக்டர் படகு கைமாறி மூன்றாவது மாதம் தொலைபேசி வந்தது.

“தம்பி, சும்மாதான் கேக்கிறேன். சின்னதா ஏதாவது இருக்கா? முப்பது, முப்பத்திரண்டு அடி. பெருசு வேணாம். பராமரிக்க முடியல.”

“இருக்கு டாக்டர். ஒண்ணு ரொம்ப நல்லா இருக்கு. தேக்குத் தளம் புதுசு.”

“தேக்குக்கெல்லாம் நான் காசு குடுக்க மாட்டேன். நீங்கதானே சொன்னீங்க, அதுக்கு மதிப்பில்லன்னு?”

“சரி டாக்டர்.”

“கமிஷன் யார் குடுப்பாங்க?”

“விக்கிறவர்தான்.”

“அப்ப சனிக்கிழமை வர்றேன். இன்ஜினைக் காலையில கெளப்பிறாதீங்க.”